ஊருக்குள் ரிக் வருமுன்: டெல்டாவில் எண்ணெய், எரிவாயு, சுரங்கத் திட்டங்களை எதிர்கொள்ளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்டாவில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி என்று எந்தப் பெயர் அடிபட்டாலும் மறுநாளே ஊர் கூடிவிடும். பேனர் அடிப்பார்கள், மறியல் நடக்கும், வாட்ஸ்அப் குழு நாலு முளைக்கும். நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017ல் நாடு முழுக்கத் தெரிந்தது அப்படித்தான். மன்னார்குடி மீத்தேன் திட்டம் 2015ல் மாநில அரசின் தடையோடு முடிந்ததற்கும் இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதற்கும் தொடர்பு உண்டு. மக்கள் கூடாமல் இங்கே எதுவும் நின்றதில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "சரி, அந்தத் திட்டம் இப்போ எந்தக் கட்டத்துல இருக்கு?" அதற்குப் பதில் சொல்ல ஊரில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

அந்த ஆளாக நீங்கள் மாறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே எழுதியிருப்பது. புதிதாக வார்டு உறுப்பினர் ஆனவர், விவசாயச் சங்கத்தில் இப்போதுதான் சேர்ந்தவர், சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஊருக்குத் திரும்பி வந்தவர் யாராக இருந்தாலும் சரி, சட்டப் படிப்பு தேவையில்லை. தாள்களைப் பொறுமையாகப் படிக்கவும், தேதிகளைக் குறித்து வைக்கவும் தெரிந்தால் போதும்.

என்ன வேலை நடக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஊரில் எல்லாவற்றையும் "ஹைட்ரோகார்பன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மனுவிலும் அப்படியே எழுதினால், "அவ்வாறான திட்டம் எதுவும் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யும் இருக்காது. வயலில் நடப்பது நில அதிர்வு ஆய்வாக இருக்கலாம், சோதனைக் கிணறாக இருக்கலாம், உற்பத்திக் கிணறாக இருக்கலாம், முப்பது வருடப் பழைய கிணற்றில் மராமத்தாக இருக்கலாம், குழாய் பதிப்பாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அனுமதி கொடுக்கும் அலுவலகம் வேறு, எதிர்ப்புச் சொல்ல இருக்கும் நாள் கணக்கும் வேறு.

நில அதிர்வு ஆய்வை அடையாளம் காண்பது சுலபம். வரப்போரமாக வரிசையாகக் குச்சி நட்டு, எண் எழுதிய துணியோ அட்டையோ கட்டியிருப்பார்கள். வயல் குறுக்கே நீளமாக ஒயர் ஓடும், அதில் சின்னச் சின்னக் கருவிகள் மண்ணில் குத்தியிருக்கும். குறுகலான துளை போட்டு, வெடிமருந்து வைத்து, அந்த அதிர்வை அளப்பார்கள். வந்திருக்கும் ஆட்கள் பெரும்பாலும் துணை ஒப்பந்தக்காரரின் கூலியாட்கள், அவர்களுக்கே முழு விவரம் தெரியாது. அவர்களோடு சட்டையைப் பிடித்துப் பயனில்லை. வண்டி எண், ஒப்பந்த நிறுவனத்தின் பெயர், குச்சியில் உள்ள எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவைக் காட்டச் சொல்லி, காட்டினால் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறிப்பு பதிவாகும்படி வைத்துக்கொண்டு, பக்கத்து மதகோ கோயிலோ படத்தில் விழுமாறு எடுத்தால், பிறகு "இது உங்கள் ஊரே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

மராமத்து என்று சொல்லி ரிக் எனும் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவரும்போதுதான் குழப்பம் அதிகம். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவது 1960களில் தொடங்கியது. நாகப்பட்டினம் பக்கத்துப் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே 1993ல் வந்துவிட்டது. எனவே பழைய கிணறுகள் ஏராளம். பழைய கிணற்றைச் சரிசெய்கிறார்களா, அதே மேடையில் நின்று பக்கவாட்டில் புதிதாகத் துளைக்கிறார்களா என்பது வெளியில் நின்று பார்த்தால் தெரியாது, தாளைப் பார்த்தால்தான் தெரியும். கிணற்று மேடையின் பெயர்ப்பலகையில் உள்ள கிணற்று எண்ணை எழுதி வையுங்கள். பிறகு கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அந்த எண்தான் கைப்பிடி.

வேளாண் மண்டலச் சட்டம் எதுவரை காப்பாற்றும்

2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுக்குக் கிடைத்த பெரிய கேடயம். எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு (களிப்பாறைக்குள் அடைந்திருக்கும் வாயு) ஆகியவற்றைத் தேடுவது, துளையிடுவது, எடுப்பது எல்லாம் அந்த மண்டலத்துக்குள் புதிதாகச் செய்யக் கூடாது. தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவையும் தடைப் பட்டியலில் உண்டு.

ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடும் நாலு விஷயம் இருக்கிறது. ஒன்று, சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடாது. இரண்டு, துறைமுகம், குழாய், சாலை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்பு வேலைகளுக்கு அதில் விலக்கு இருக்கிறது. மூன்று, காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால், நெல்வயல் ஒன்றாகவே தெரிந்தாலும் எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தச் சட்டம் செல்லாது. நாலாவது, டெல்டா என்று நாம் நினைக்கும் எல்லா இடமும் அதற்குள் வராது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உண்டு. பிறகு நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் உண்டு. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் மட்டும்தான். திருச்சி, அரியலூர் மாவட்டங்கள் இல்லை.

2023 ஏப்ரலில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்ற மூன்று தொகுதிகள் இருந்தன. வடசேரி தஞ்சை மாவட்டம், மண்டலத்துக்குள். மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டம், மண்டலத்துக்கு வெளியே. மாநில அரசும் எதிர்க்கட்சிகளும் விவசாயிகளும் ஒரே குரலில் எதிர்த்ததும் சில நாட்களிலேயே மூன்றையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக ஒன்றிய அமைச்சர் அறிவித்தார். அங்கே காப்பாற்றியது அரசியல். எனவே உங்கள் ஊராட்சி எந்த ஒன்றியத்தில் இருக்கிறது, அந்த ஒன்றியம் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அரசிதழில் வந்த சட்டத்தின் தமிழ் நகலை ஒரு பிரதி எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் வைப்பது நல்லது.

தகவல் மனு: 'ஏன்' என்று கேட்காதீர்கள்

மாநில அரசு அலுவலகத்துக்குப் போடும் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அங்கேயும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தவறுவது கேள்வியில். "எங்கள் ஊரை ஏன் பாலைவனமாக்குகிறீர்கள்?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இருக்கும் தாளின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னதில் உள்ள இன்ன எண் கிணற்றில் நடைபெறும் பணி தொடர்பாக: பெட்ரோலியச் சுரங்கக் குத்தகை ஆணை, சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அனுமதி நிபந்தனைகள் குறித்துக் கடைசியாகத் தாக்கல் செய்யப்பட்ட அரையாண்டு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்குக."

அந்த அரையாண்டு அறிக்கையைப் பலர் கேட்பதே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றுகிறோம் என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். கழிவுக் குட்டைக்குத் தார்ப்பாய் விரித்திருக்கிறோம் என்று அறிக்கையில் இருக்கும், உங்கள் படத்தில் தார்ப்பாய் கிழிந்து கிடக்கும். ஒரு மணி நேர மேடைப் பேச்சைவிட அந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது அதிகம் பேசும். மனு போடாமலே ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் விண்ணப்பங்களையும் அனுமதிக் கடிதங்களையும் தேடலாம். தளம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆமை வேகத்தில் திறக்கும், கல்லூரிப் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறதா, இல்லையா?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம். 2020 ஜனவரியில் ஒரு திருத்தம் வந்தது. எண்ணெய், எரிவாயுவைத் தேடும் கட்டத்தில் உள்ள வேலைகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்குக் கருத்துக் கேட்பு கிடையாது, அனுமதியும் டெல்லிக்குப் போகாமல் மாநில அளவிலேயே முடிந்துவிடும். 2025ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது இந்த வழியில்தான். செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியதும் அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சொன்னது. சோதனைக் கிணறு என்றால் தண்டோரா போட்டுக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். மாநில ஆணையத்தின் கூட்ட நிகழ்ச்சி நிரலில் உங்கள் மாவட்டத்தின் பெயர் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஒருவரை வையுங்கள்.

உற்பத்திக் கட்டத்துக்குக் கூட்டம் உண்டு. அதன் விதிகள் நமக்குச் சாதகமானவை, பயன்படுத்துவதுதான் குறைவு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம் போன்ற இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிவித்த தேதியை அவசர நிலை தவிர வேறு காரணத்துக்கு மாற்ற மாட்டார்கள். ஆகவே சம்பா அறுவடை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள் என்று கேட்பதாக இருந்தால், அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆட்சியருக்குக் கடிதம் போயிருக்க வேண்டும்.

அறிக்கை கிடைத்ததும் முழுவதையும் படிக்க முயன்று சோர்ந்து போகாதீர்கள். நீர் பற்றிய பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். உங்கள் ஊர் வாய்க்காலின் பெயர் அதில் இருக்கிறதா, எந்த மாதத்தில் தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், ஆற்றில் தண்ணீர் ஓடும்போதா வறண்டு கிடக்கும்போதா, குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் போர் எவ்வளவு தூரத்தில் இருப்பதாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

கூட்ட நாளில் பந்தல் போட்டு, முன்வரிசையில் அதிகாரிகள், திரையில் நிறுவனத்தின் படக்காட்சி என்று திருவிழா போலத்தான் இருக்கும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். எனவே புறக்கணிப்பது பெரும்பாலும் நமக்கே நஷ்டம். இது என் கருத்து, இதில் மாறுபடும் தோழர்கள் உண்டு. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பேச உரிமை உண்டு, முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, அங்கேயே தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும். ஊர்க்காரர்கள் பொதுவாக இந்த நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் உட்கார்ந்திருங்கள். "எங்க அக்கா போர் தண்ணி உப்பாயிடுச்சுன்னு சொன்னதை எழுதலையே சார்" என்று ஒருவர் எழுந்து சொன்னால், அதை எழுதிய பிறகுதான் கையெழுத்து விழ வேண்டும். நேரில் வர முடியாத, துபாயிலோ திருப்பூரிலோ இருக்கும் நிலத்துக்காரர்கள் எழுத்து மூலமாக அனுப்பலாம். அதுவும் கணக்கில் வர வேண்டும்.

கிராம சபைத் தீர்மானத்தின் எடை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், டெல்டாவில் ஒரு கிராம சபைத் தீர்மானம் மட்டும் எண்ணெய்க் கிணற்றைச் சட்டப்படி நிறுத்தாது. பிறகு எதற்கு? நீதிமன்றத்திலோ, திட்டத்துக்குக் கடன் தரும் வங்கியின் புகார்க் குழுவிலோ, "மக்கள் அன்றைக்கே எதிர்ப்புச் சொன்னார்கள்" என்று காட்டும் முதல் சான்று அதுதான். "இத்திட்டத்தை இக்கிராம சபை வன்மையாகக் கண்டிக்கிறது" என்று மட்டும் எழுதினால் சான்றாக அதற்கு வலு இருக்காது. புல எண்கள், பாசனம் பெறும் வாய்க்காலின் பெயர், குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து தூரம், எத்தனை குடும்பம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது என்பதெல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தின் பக்கத்தை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

உங்கள் நிலத்தில் குழாய் வந்தால்

குழாய்க்கு நிலத்தை வாங்க மாட்டார்கள், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். அதற்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசிதழ் அறிவிப்பிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், அது தவறினால் அப்புறம் கேட்க ஆள் இல்லை. இழப்பீடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அதோடு பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதத்துக்குத் தனித் தொகை. வேலை முடிந்த பிறகு நெல் போடலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. போர்செட் இல்லாமல் குறுவை ஏது? இழப்பீடு பேசும்போது இதைச் சொல்லிப் பேசுங்கள்.

2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தில் தனியார் திட்டத்துக்கு 80 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்று இருப்பதை நம்பி ஊரில் பேசுவார்கள். குழாய்ச் சட்டமும் நிலக்கரி நிலங்களுக்கான 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அரசு நிறுவனம் தன் தேவைக்கு எடுத்தால் சம்மதக் கணக்கும் கிடையாது.

பட்டாவில் பெயர் இல்லாதவர்கள்

எந்தத் திட்டத்திலும் முதலில் விடுபடுகிறவர்கள் இவர்கள்தான். டெல்டாவில் நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுவது இன்னொருவர், நடவும் களையும் மூன்றாமவர். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் குத்தகைதாரர் மூன்று தலைமுறையாகச் சாகுபடி செய்வார், பட்டா கோயில் பெயரில். இழப்பீட்டுக் காசோலை பட்டாவைப் பார்த்துத்தான் வரும்.

அதனால் திட்டம் வரும் வரை காத்திருக்காமல் இவர்களுடைய தாள்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள். 1969ஆம் ஆண்டு குத்தகைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவு இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. இல்லாவிட்டால் கோயிலில் குத்தகை கட்டிய ரசீது, அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் சாகுபடிதாரர் பெயர், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது என்று கிடைப்பதை எல்லாம் ஒரு உறையில் போடுங்கள். கூலி வேலை செய்யும் பெண்களுக்கு நூறு நாள் வேலை அட்டை, ஊராட்சித் தலைவரின் சான்று. இந்த உறைக்கு உள்ளூர்ச் சட்டத்தில் பெரிய மதிப்பு இல்லாவிட்டாலும், கொஞ்சம் கீழே சொல்லப்போகும் வங்கி விதிகளில் மதிப்பு உண்டு.

இன்னொன்றும் முன்கூட்டியே செய்ய வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஊரின் நாலைந்து போர் தண்ணீரையும், வேளாண் துறை ஆய்வகத்தில் மண்ணையும் சோதித்து அறிக்கை வாங்கி வையுங்கள். ரிக் வந்த பிறகு எடுக்கும் சோதனைக்கு, "கடலோரம் எப்போதுமே உப்புதானே" என்பார்கள்.

பழங்குடி உரிமை டெல்டாவில் யாருக்கு

சுரங்கத் திட்டங்களைப் பற்றி உலக அளவில் பேசும்போது, திட்டம் தொடங்குமுன், வற்புறுத்தல் இல்லாமல், எல்லா விவரமும் சொல்லிப் பெறும் சம்மதம் என்ற உரிமை அடிக்கடி வரும். 2007ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்தில் அது இருக்கிறது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. உள்நாட்டிலோ, இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது அரசின் நிலை. பழங்குடிகள் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்கவில்லை.

ஒடிசாவின் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றி டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் கிராம சபைகளே பேசி முடிவெடுக்கட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அந்த வெற்றிக்கு அடிப்படை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். நியம்கிரியைக் காட்டி, "அதே மாதிரி எங்கள் கிராம சபைக்கும் அதிகாரம் இருக்கிறது" என்று டெல்டாவில் வாதாடினால் எடுபடாது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியே இல்லை, நெல்வயல் வனமும் இல்லை.

ஆனால் டெல்டாவிலும் பழங்குடிகள் இருக்கிறார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கால்வாய்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். அலையாத்தியும் வனம்தான். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் கிராம சபை வழியாக வன உரிமைக் குழுவுக்கு மனுப் போட்டு, மீன்பிடிக்கும் உரிமையைச் சமூக உரிமையாகவே கேட்கலாம். பல குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழே தடையாக நிற்கிறது. அதற்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர்களோடு போய் வருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி. கடலோரத்தில் குழாயோ துறைமுகமோ வருவதாகப் பேச்சு வந்தால், அவர்களைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். இங்கே சட்டப்படி கூடுதல் உரிமை கேட்கத் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான்.

நிலம் வைத்திருக்கும் விவசாயச் சங்கங்கள் மனுவில், "நாங்களும் இம்மண்ணின் பூர்வகுடிகள்" என்று எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. உணர்ச்சிக்கு நன்றாக இருக்கும். மனுவைப் பார்க்கிறவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு முழு மனுவையும் தள்ளிவிடுவார், உண்மையான பழங்குடியின் கோரிக்கையும் அதோடு நீர்த்துப் போகும்.

பணம் யாருடையது?

டெல்டாவில் அரசு எண்ணெய் நிறுவனம் தோண்டும் கிணறு பொதுவாக அதன் சொந்தப் பணத்தில்தான் நடக்கிறது. அதற்காக உலக வங்கிக்கு எழுதிப் பிரயோசனம் இல்லை. எண்ணெய், எரிவாயு தோண்டும் வேலைக்கு 2019க்குப் பிறகு கடன் இல்லை என்று உலக வங்கிக் குழுமமே 2017ல் அறிவித்தது. ஆனால் ஆற்றுக்கரை, சாலை, மின்பாதை என்று டெல்டாவுக்குள் வரும் பல வேலைகளில் வெளி வங்கிப் பணம் இருக்கிறது. வெண்ணாற்றுப் பாசனத்தின் கால்வாய்களைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2016ல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. சென்னை–கன்னியாகுமரி தொழில்வழித் தடச் சாலைகளுக்கு அதே வங்கி 2021ல் 48.4 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. வேலை நடக்கும் இடத்து அறிவிப்புப் பலகையில் நிதி தருவது யார் என்று பாருங்கள். பலகை இல்லாவிட்டால் தகவல் மனுவில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

வங்கிப் பணம் என்றால் நமக்கு என்ன லாபம்? பட்டா இல்லாதவர்களையும் இந்த வங்கிகளின் விதிகள் கணக்கில் எடுக்கின்றன. ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு நிலத்துக்குப் பணம் வராது. ஆனால் வீட்டுக்கும் மரத்துக்கும் இழந்த பிழைப்புக்கும் ஈடு, இடம் மாற உதவி என்று கேட்க உரிமை உண்டு. மேலே சொன்ன உறை இங்கேதான் வேலை செய்யும்.

விதியை மீறினால் புகார் கொடுக்க ஒவ்வொரு வங்கியிலும் தனி அமைப்பு இருக்கிறது. நர்மதை அணைப் போராட்டத்தின் சூட்டில் உலக வங்கி 1993ல் உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குப் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து எழுதலாம், எந்த மொழியிலும் எழுதலாம். ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இரண்டு பேர் வேண்டும், கடன் கணக்கு முடிந்து 2 ஆண்டுக்குள் எழுத வேண்டும். முதலில் அந்த வங்கியின் அலுவலர்களிடமே புகார் கொடுத்துப் பலனில்லை என்று காட்டச் சொல்வார்கள், ஆகவே ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் கம்பெனிகளுக்குக் கடன் தரும் ஐ.எஃப்.சி.க்குத் தனிக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது, அங்கே ஒருவர் எழுதினாலும் எடுப்பார்கள். பயந்தால் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம்.

இதில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆந்திராவில் அமராவதித் தலைநகருக்கு நிலம் திரட்டியதை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் 2017ல் உலக வங்கியின் குழுவுக்கு எழுதினார்கள். 2019ல் இந்திய அரசே கடன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. ஆட்சி மாறியதும் 2024 டிசம்பரில் உலக வங்கி 80 கோடி டாலரோடு திரும்பி வந்தது. குஜராத்தின் முந்த்ராவில் அனல்மின் நிலையத்தால் பாதிக்கப்பட்ட மீனவர்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். ஐ.எஃப்.சி. மீது வழக்கே போட முடியாது என்பதில்லை என்று 2019 பிப்ரவரியில் தீர்ப்பு வாங்கினார்கள். அதற்குப் பிறகு கீழ் நீதிமன்றங்கள் வேறு காரணம் சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டன. வேலையின் வேகம் குறையும், விவரங்கள் வெளியே வரும், இழப்பீட்டுப் பட்டியல் நீளும். திட்டம் முழுதாக நிற்பது அபூர்வம்.

தீர்ப்பாயமும் நாள் கணக்கும்

சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் எடுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்ததை நிறுவனம் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும், அந்த விளம்பரத்தை வெட்டி, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். விதிமீறல் பற்றிய மற்ற மனுக்களுக்கு 6 மாதம், இழப்பீடு கேட்க 5 ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பார்க்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100. மறியலில் போலீஸ் வழக்குப் போட்டாலும் இதே எண்தான். ஸ்டேஷனில் வெள்ளைத் தாளில் யார் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.